கர்ப்பிணியும் கடன் தவணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் கடன் குழுக்களில் தாய்சேய் நலம் பற்றிப் பேசப் போனால், சத்துணவைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் வரும் கேள்விகளைவிடத் தவணையைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. அவையும் கூட்டம் நடக்கும்போது வருவதில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகு தாழ்ந்த குரலில் வருகின்றன. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டமும் விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடியதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

1. கடன் பணத்துக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றும் இல்லை. சுற்றுவழியில் நிறைய இருக்கிறது. கடன் கைக்கு வந்ததும் வீட்டில் கொஞ்சம் பணம் புழங்கும். பரிசோதனைக்குப் போக வண்டிச் செலவு, மருந்து, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று சிலவற்றுக்கு வழி பிறக்கலாம். தவணை தொடங்கியதும் அதே பணம் வெளியேறத் தொடங்கும். அப்போது எதையாவது குறைத்தாக வேண்டும். பெரும்பாலும் முதலில் குறைவது வீட்டுப் பெண்ணின் சாப்பாடும் ஓய்வும்தான்.

பணம் வருவது, போவது இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு, குழு. பல பெண்கள் முறையாக ஒன்றுகூடும் இடம் அது. நல்ல தகவலும் துணையும் அங்கே கிடைக்கும். பணம் கட்டாதவளைப் பலர் முன்னால் தலைகுனிய வைப்பதும் அங்கேதான் நடக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு கடன் வாங்கினாள் என்பதைவிட, எந்த வாரத்தில் எந்தத் தவணை விழுகிறது என்பதே கர்ப்பிணியின் உடம்பை அதிகம் பாதிக்கிறது.

2. நுண்கடன் என்பது மற்றக் கடன்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தொகை சிறியது, நகையோ நிலமோ ஈடு கேட்பதில்லை, தவணை வாரத்துக்கு ஒன்றாகவோ மாதத்துக்கு ஒன்றாகவோ உடனே தொடங்கிவிடும், பெரும்பாலும் பெண்களின் பெயரில், குழுவாகத் தரப்படும். வங்கதேசத்தில் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக மாறியது. 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, இந்த முறை உலகெங்கும் பேசப்பட்டது.

3. கடன் கிடைத்தால் பெண்களின் உடல்நலம் தானாகவே முன்னேறும் என்கிறார்களே, உண்மையா?

தானாக முன்னேறும் என்பதற்குச் சான்று இல்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் தனித்தனியாக நடந்த கள ஆய்வுகளின் முடிவுகள் 2015இல் ஒன்றாக வெளியாயின. கடன் சிலருக்குத் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் உதவியது. ஆனால் குடும்பங்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் எங்கும் தென்படவில்லை. இந்திய ஆய்வு ஹைதராபாத்தில் நடந்தது. 104 குடியிருப்புப் பகுதிகளில் 52இல் மட்டும் கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. மீதி 52உடன் அவற்றை ஒப்பிட்டார்கள். உடல்நலம், கல்வி, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

இவை கர்ப்பிணிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த ஆய்வுகள் அல்ல. என்றாலும், கடன் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இவற்றை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

4. அப்படியானால் சில இடங்களில் நல்ல பலன் கிடைத்தது என்கிறார்களே, அது எப்படி?

கடனோடு வேறொன்றையும் சேர்த்துக் கொடுத்த இடங்கள் அவை. 1990களில் கானாவிலும் பொலிவியாவிலும் கடன் குழுக் கூட்டங்களிலேயே தாய்ப்பால், குழந்தை உணவு, வயிற்றுப்போக்கு ஆகியவை பற்றிய பாடங்களை நடத்தினார்கள். கானாவில் குழந்தைகளின் உணவும் வளர்ச்சியும் மேம்பட்டன. பொலிவியாவில் அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை. ஏறக்குறைய ஒரே திட்டம்தான். ஊர் மாறியதும் விளைவும் மாறியது.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் கடனோடு, ஆண் பெண் உறவு, வீட்டு வன்முறை, எச்.ஐ.வி. பற்றிய பயிற்சியையும் தந்தார்கள். 2006இல் வெளியான அதன் முடிவுப்படி, கணவன் அல்லது துணைவனின் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து அந்தப் பெண்களிடம் 55 விழுக்காடு குறைந்திருந்தது. பிறகு கடன் மட்டும் பெற்ற குழுக்களோடு ஒப்பிட்டபோது, கடன் மட்டும் பெற்றவர்களிடம் பொருளாதாரப் பலன் இருந்தது, வன்முறை குறையும் இந்தப் பலன் இல்லை. கர்ப்ப காலத்தில் அடி உதை என்பது இரு உயிர்களுக்கு ஆபத்து என்பதால் இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

5. எனக்கு மூன்றாம் மாதம். இப்போது புதுக்கடன் வாங்கலாமா?

ஒரு தாளை எடுத்து இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கர்ப்பம் 40 வாரம். வாரத் தவணைக் கடன் 50 வாரம் என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் வாரத்தில் கடன் வாங்கி அடுத்த வாரமே தவணை தொடங்கினால், 28ஆம் தவணை கட்டும்போது உங்களுக்குப் பேறுகாலம். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போதுதான் கடைசித் தவணை.

அந்தத் தாளில் 29 முதல் 34 வரையிலான ஆறு தவணைகளைச் சுற்றி வட்டமிடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள் அவை. உடம்பு தேற வேண்டும், பால் கொடுக்க வேண்டும், இரவில் தூக்கம் இருக்காது, சம்பாத்தியமும் இருக்காது. இந்த ஆறு தவணைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத முடிகிறதா? கணவரின் கூலி, கையிருப்பு, ஆள் வைத்து நடத்தும் வியாபாரம் என்று ஏதாவது ஒன்று அங்கே எழுதப்பட வேண்டும். ‘எப்படியாவது கட்டிவிடுவோம்’ என்பது பதில் ஆகாது.

எழுத முடியவில்லை என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. தொகையைக் குறைத்து, பேறுகாலத்துக்கு முன்பே முடியும் கடனாக வாங்கலாம். பிரசவம் முடிந்து சில மாதங்கள் கழித்து வாங்கலாம். அல்லது கடன் கைக்கு வந்த அன்றே ஆறு தவணைப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிடலாம். சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி கட்டுவதாகத் தோன்றும். பேறுகாலத்தில் கந்துவட்டிக்குக் கையேந்துவதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்புதான்.

6. தொழிலுக்கு வேண்டாம், பிரசவச் செலவுக்கே கடன் வாங்கிக்கொள்கிறேன். அதில் என்ன தவறு?

தவறு என்று சொல்ல மாட்டேன். பிரசவ மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இந்த மூன்றிலும் பணத்துக்குப் பங்கு உண்டு. அந்த நேரத்தில் கையில் இருக்கும் பணம் உயிரைக் காக்கலாம்.

ஆனால் இந்தக் கடன் தானாக எதையும் சம்பாதித்துத் தராது. முழுத் தவணையும் வேறு வருமானத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால் முதலில், அரசு மருத்துவமனையில் எது இலவசம், பேறுகால உதவித்தொகை உண்டா, அதற்கு எந்த மாதத்துக்குள் பதிய வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவதாகக் குழுச் சேமிப்பிலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். இவை போதாதபோது, மீதித் தொகைக்கு மட்டும் கடன்.

7. தவணைக்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கர்ப்ப காலத்தில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. ரத்தசோகை உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்கும் சக்தி குறைவு. குழந்தை எடை குறைந்து, அதாவது 2,500 கிராமுக்குக் கீழே, பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சிக்கனம் பிடிக்கும்போது அரிசியோ கோதுமையோ குறைவதில்லை. முட்டையும் பாலும் பருப்பும்தான் முதலில் காணாமல் போகின்றன. வயிறு நிறைவதால் குறை தெரிவதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. பல நாடுகளில் அரசு இதை இலவசமாகவே தருகிறது. உங்களுக்கு உரிய அளவை மருத்துவர் சொல்வார்.

8. பரிசோதனை நாளும் குழுக் கூட்டமும் ஒரே நாளில் வருகின்றன. எதற்குப் போவது?

பரிசோதனைக்கு. உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்கச் சொல்கிறது. முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும். கூட்டமோ ஆண்டு முழுவதும் நடக்கும். தவணைப் பணத்தையும் அட்டையையும் இன்னொரு உறுப்பினரிடம் கொடுத்தனுப்பி, வரவு வைத்ததற்குக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லுங்கள். வந்ததும் அட்டையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டத்துக்கே போனாலும், கடைசி ஆள் பணம் கொண்டுவரும்வரை யாரும் எழக்கூடாது என்று தரையில் மணிக்கணக்கில் உட்கார வைப்பது கர்ப்பிணிக்கு ஆகாது. நாற்காலி கேளுங்கள், தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் எழுந்து போங்கள். இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை.

9. கடன் கவலை வயிற்றுப் பிள்ளையைத் தாக்குமா?

ஓரிரு நாள் கவலையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கேட்டு அதற்கும் சேர்த்துக் கவலைப்படாதீர்கள். மாதக்கணக்கில் நீளும் கடும் மன அழுத்தம் வேறு. 37 வாரத்துக்கு முன்பே பிறப்பதற்கும் எடை குறைவதற்கும் அதனோடு தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அழுத்தத்தில் இருப்பவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறாள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கும், பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், பரிசோதனைக்குப் போகும்போது அதையும் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே சொல்லுங்கள்.

தவணை முறையை மாற்றினாலே அழுத்தம் குறையும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கொல்கத்தாவில் ஒரே வகைக் கடனைச் சிலருக்கு வாரத் தவணையாகவும் சிலருக்கு மாதத் தவணையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, தவணையை எண்ணிப் பதற்றமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு மாதத் தவணைக்காரர்களிடம் 51 விழுக்காடு குறைவு. மாதத் தவணை உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

10. கூடுதலாக வேலை செய்து கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாமா?

உட்கார்ந்து செய்யும் வேலையாக, இடையிடையே ஓய்வு கிடைப்பதாக இருந்தால் செய்யலாம். பாரம் தூக்குவது, நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்வது, பூச்சிமருந்து, சாயம், அடைத்த அறையில் விறகுப் புகை ஆகியவை வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில் இரவு வேலையைத் தவிர்ப்பது நல்லது.

11. கையெழுத்து என்னுடையது, பணம் கணவர் கையில். என்ன செய்வது?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பெண்கள் பெயரில் வாங்கிய கடன்களில் பெரும்பங்கு ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்ததை வங்கதேச ஆய்வு ஒன்று 1996லேயே சுட்டிக்காட்டியது. அப்படிப்பட்ட கடனில் பலன் ஒருவருக்கு, தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியது கர்ப்பிணிக்கு.

5ஆம் கேள்வியில் சொன்ன தாளைக் கணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். வட்டமிட்ட ஆறு தவணைகளுக்கு நேராக அவர் பெயரை அவரே எழுதட்டும். மிரட்டியோ அடித்தோ கையெழுத்து வாங்கினால், அது கடன் பிரச்சினை அல்ல, வன்முறை. பரிசோதனை செய்யும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ தனியாக இருக்கும்போது சொல்லுங்கள்.

12. பிரசவ நேரத்தில் தவணையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்கலாமா? கேட்டால் மானக்கேடு இல்லையா?

கேட்கலாம், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. தவணை தவறிய பிறகு கேட்பதைவிட, ஏழாம் மாதத்திலேயே கேட்பது நல்லது. எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: நிறுத்திய வாரங்களுக்கு வட்டி ஏறுமா? விட்ட தவணைகள் கடைசியில் சேருமா, மொத்தமாகக் கட்ட வேண்டுமா? இது தவணை தவறியதாகப் பதிவாகுமா?

நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் நடந்த இன்னோர் ஆய்வில், கடன் தொடக்கத்தில் இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்து, கூடுதல் லாபமும் பார்த்தார்கள். கடன் திரும்ப வராத அளவும் சற்றுக் கூடியது. நிறுவனங்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பேறுகாலம் திடீரென்று வருவதில்லை. தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அதைக் கணக்கில் சேர்க்காமல் பெண்களுக்கென்றே கடன் வகுப்பவர்களை என்ன சொல்வது?

13. 12 விழுக்காடு வட்டி என்றார்கள். கூட்டிப் பார்த்தால் அதிகமாக வருகிறதே?

தொடக்க அசலுக்கே கடைசிவரை வட்டி போட்டிருப்பார்கள். 12,000 கடன், 12 மாதத் தவணை, 1,440 வட்டி என்றால் கேட்க 12 விழுக்காடுதான். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 21 விழுக்காட்டுக்கு மேல். 5ஆம் கேள்வியின் தாளை எழுதும்போது விழுக்காட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு தவணையும் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு திரும்பப் போகிறது என்று மட்டும் கேளுங்கள்.

14. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினால் பேறுகாலத்தைத் தாண்டிவிடலாமே?

தாண்டலாம், அடுத்த பள்ளத்தில் விழுவதற்கு. பழைய கடனைவிட வட்டி குறைவாகவும் தவணை சிறியதாகவும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி, பழைய கடன் முழுதாக அடையாவிட்டால், 5ஆம் கேள்வியில் வட்டமிட்ட ஆறு வாரங்களிலும் வாரத்துக்கு இரண்டு தவணைகள் விழும்.

15. கடனோடு காப்பீட்டுக்கும் பணம் பிடிக்கிறார்கள். அது பிரசவத்துக்கு உதவுமா?

பெரும்பாலும் உதவாது. கடன் வாங்கியவர் இறந்தால் நிலுவையை அடைக்கும் காப்பீடே கடனோடு வழக்கமாக வருவது. மருத்துவக் காப்பீடாகவே இருந்தாலும், பிரசவம் அடங்குமா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே கர்ப்பமானவருக்குப் பலவற்றில் பயன் இல்லை.

2006க்குப் பிறகு இந்தியாவில் ஒரு பெரிய நுண்கடன் நிறுவனம், பிரசவச் செலவையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்பீட்டைக் கடனோடு கட்டாயமாக்கியது. கணிசமானோர் கடனைப் புதுப்பிக்காமல் விலகிவிட்டார்கள். பயன் தெளிவாகத் தெரியாத ஒன்றுக்குப் பணம் பிடித்தால் வேறென்ன நடக்கும்?

16. எங்கள் குழுவில் ஒருத்திக்குப் பிரசவம். அவள் தவணையை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

கூட்டுப் பொறுப்பு என்று கையெழுத்திட்டிருந்தால் ஒப்பந்தப்படி அந்தக் கடமை இருக்கலாம். முதலில் படிவத்தைப் படியுங்கள். ஆனால் கூட்டுப் பொறுப்பு இல்லாவிட்டால் கடன் திரும்பாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி சில குழுக்களுக்குக் கூட்டுப் பொறுப்பை நீக்கிப் பார்த்தது. தவணை தவறுவது கூடவில்லை.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது பேறுகால நிதி. எல்லோரும் சிறு தொகையாகச் சேர்த்துவைத்து, யாருக்குப் பேறுகாலம் வந்தாலும் அவருடைய சில தவணைகளை அதிலிருந்து கட்டுவது. பிறகு அவர் மெல்லத் திருப்பித் தருவது. பிள்ளை பெறும் வயதைக் கடந்தவர்களும் இதில் சேர்வார்களா என்று சந்தேகப்பட வேண்டாம். அவர்கள் வீட்டிலும் மகளும் மருமகளும் இருக்கிறார்கள்.

17. கர்ப்பம் என்று தெரிந்தால் கடன் தர மாட்டார்கள். மறைத்துவிடலாமா?

யாரும் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில், குறிப்பாகக் காப்பீட்டுப் படிவத்தில், உடல்நிலை பற்றிய கேள்வி இருந்தால் பொய் எழுதாதீர்கள். பிறகு இழப்பீடு மறுக்க அதுவே காரணமாகும்.

எனக்கு இதில் பெரிய கவலை வேறு. மறைக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் பரிசோதனைக்கே போவதில்லை. பதிவு செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான். முதல் பரிசோதனையை ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப்போடும் அளவுக்கு எந்தக் கடனும் முக்கியம் இல்லை.

18. வீட்டில் தவணைப் பணம் மட்டும் இருக்கும்போது அவசரம் வந்துவிட்டால்?

அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலிப்பு, கடும் காய்ச்சல், நீர்க்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகிய எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். வசூலுக்கு வந்தவர் வாசலில் இருந்தாலும் இதே பதில்தான்.

போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் ஒருவர் குழுத் தலைவிக்குத் தகவல் சொல்லட்டும். மருத்துவமனைச் சீட்டுகளையும், வீடு திரும்பும்போது தரும் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். தவணையை நிறுத்திவைக்க முன்பே எழுதிக் கொடுக்காதவர்கள், 12ஆம் கேள்வியில் சொன்ன மூன்றையும் கேட்டு அப்போது எழுதும் விண்ணப்பத்தோடு இவற்றின் நகலை இணைக்கலாம்.